வருகைப் பதிவேட்டில் மட்டும் ஆசிரியையா?



பட்டப்படிப்பின் தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதங்களில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே பேச்சு எழுகிறது. "மகள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டாள். வரன் அமையும்வரை வீட்டில் சும்மா இருப்பானேன்? பி.எட். சேர்த்துவிடலாமே!" நல்ல யோசனைதான். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் இரண்டாவது கேள்விதான் நெஞ்சை உறுத்துகிறது: "தினமும் போகத் தேவையில்லாத கல்லூரி எங்கே இருக்கிறது?"

அப்படிப்பட்ட கல்லூரிகள் இல்லாமல் இல்லை. கட்டணத்திற்கு மேல் ஒரு தொகையைச் செலுத்திவிட்டால் போதும். வருகைப் பதிவேட்டில் வருகை தானாகவே விழும். செய்முறைத் தேர்வுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் மட்டும் தலையைக் காட்டினால் சான்றிதழ் வீடு வந்து சேரும். பாடக் குறிப்பேடுகளையும் பதிவேடுகளையும் எழுதிக் கொடுப்பதற்கென்றே கூலிக்கு ஆட்கள் உண்டு. தொழுகையிலும் நோன்பிலும் குறை வைக்காத குடும்பத்தினர்கூட இதனை ஒரு தவறாகவே எண்ணுவதில்லை. வராத நாளை வந்ததாக எழுதச் சொல்வது பொய்ச் சாட்சியம் அல்லாமல் வேறென்ன? மார்க்கத் தீர்ப்பை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிட்டு, இதனால் அந்தப் பெண் இழப்பது என்ன என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பாக இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த விதிகளின்படி 2015-16 கல்வியாண்டிலிருந்து இரண்டாண்டுப் படிப்பாயிற்று. முதுகலை முடித்தோருக்கு மீண்டும் ஓராண்டுப் படிப்பைக் கொண்டுவரும் வரைவு விதிகளை அக்குழுமம் 2025-இல் வெளியிட்டது. காலத்தை ஏன் இரட்டிப்பாக்கினார்கள் என்று சலித்துக்கொள்வோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2014 விதிகள் பள்ளியில் நேரடிப் பயிற்சிக்கென 20 வாரங்களை ஒதுக்கின. முதலாண்டில் நான்கு வாரம். இரண்டாமாண்டில் தொடர்ந்து பதினாறு வாரம். இந்தப் படிப்பின் உயிர் அந்தப் பதினாறு வாரங்களில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே பட்டம் பெறும் பெண் இழப்பது அதனைத்தான்.

அங்கே என்னதான் நடக்கிறது? முதலில் கல்லூரியிலேயே நுண்ணிலைக் கற்பித்தல். சக மாணவியர் சிலரை மட்டும் அமர்த்தி, சில நிமிடங்களில் ஒரே ஒரு திறனைப் பழகுவது. இன்று வினாக் கேட்கும் திறன். நாளை கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன். பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். பிறகு உண்மையான பள்ளி, உண்மையான வகுப்பு. நாற்பது பிள்ளைகள், எண்பது கண்கள். வழிகாட்டி ஆசிரியை பின்வரிசையில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பார். முக்கால் மணி நேரத்திற்கென்று இரவெல்லாம் விழித்துத் தயாரித்த பாடம் இருபதே நிமிடத்தில் தீர்ந்துபோகும். எழுதிய வரி கரும்பலகையில் மலையேறும். "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "புரிந்தது" என்னும். மறுநாள் சிறு தேர்வு வைத்தால் ஒருவருக்கும் புரியவில்லை என்பது தெரியவரும். "புரிந்ததா?" என்பது கேட்கத் தகுந்த கேள்வியே அன்று என்பதைப் பயிற்சி ஆசிரியை அன்றுதான் உணர்வாள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பிறை பார்ப்பதில் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ரமலானை எதிர்பார்த்து மஃரிபு வேளையில் மாடியேறி மேற்கு வானத்தைத் துழாவும் கண்கள் அவை. அதே பிள்ளைகளிடம் வகுப்பறையில், "நிலா ஏன் தேய்கிறது, ஏன் வளர்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "பூமியின் நிழல் விழுவதால்" என்று பலர் சொல்வார்கள். நிழல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. பிறைக்கும் நிழலுக்கும் தொடர்பில்லை. நிலாவின் பாதி எப்போதும் சூரிய ஒளியில்தான் இருக்கிறது. அந்த ஒளிப்பாதியில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறது என்பதே பிறையின் கணக்கு. இதனைப் பாடநூலைப் பார்த்துப் பத்துமுறை ஒப்பித்தாலும் பிள்ளையின் மனத்திலிருந்து அந்த நிழல் நீங்காது. இருட்டறையில் ஒரு விளக்கை ஏற்றி, பிள்ளையின் கையில் ஒரு பந்தைக் கொடுத்து, கையை நீட்டி தலைக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்தவாறு மெல்லச் சுற்றி வரச் சொன்னால் போதும். பந்தின் ஓரத்தில் மெலிந்த பிறை தோன்றி, வளர்ந்து, முழுமதியாகி, மீண்டும் தேய்வதை அந்தப் பிள்ளையே கண்டு வியக்கும். பிள்ளை எந்த இடத்தில் தவறாக எண்ணுகிறது என்று கண்டறிவதும், அந்த இடத்திற்கே சென்று திருத்துவதும்தான் கற்பித்தல். காசு கொடுத்து எழுதி வாங்கிய பதிவேடு இதைக் கற்றுத் தருமா?

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் மீட்புத் தொகையாக என்ன கேட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பணியைத்தான். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி. பெண் ஆசிரியையின் பணி நமக்குப் புதிதன்று.

இனி வேலைவாய்ப்புக்கு வருவோம். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியராக, தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண்; அதில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் பற்றியது. தமிழகத்தில் 2012-இல் முதன்முதலாக இத்தேர்வு நடந்தபோது, எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அரசுப் பணி வேண்டுமானால் தகுதித் தேர்வோடு முடிவதில்லை. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் உண்டு. மேல்நிலை வகுப்புகளுக்கான முதுநிலை ஆசிரியர் பணிக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் பெற்று, வாரியத்தின் தேர்வை எழுத வேண்டும். வகுப்பறையைக் கண்ணால் காணாதவருக்கு இவையெல்லாம் மனப்பாடச் சுமைதான்.

"நம் சமுதாயப் பள்ளியில்தானே வேலை பார்க்கப்போகிறாள், தகுதித் தேர்வு எதற்கு?" என்போர் உண்டு. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் முதல் நாள் வந்த தீர்ப்பில், சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பிய அதே நீதிமன்றம், மற்றப் பள்ளிகளில் ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டுமென்று ஆணையிட்டது. ஐம்பதை நெருங்கும் ஆசிரியைகள் புத்தகமும் கையுமாக உட்கார நேர்ந்தது. இருபத்திரண்டு வயதில் எழுதிவிடுவது எளிதல்லவா!

சேர்வதற்கு முன் பாடத்தையும் கவனியுங்கள். பட்டப்படிப்பில் படித்தது பள்ளியில் கற்பிக்கப்படும் பாடமாகவோ, அதற்கு இணையாகவோ இருக்க வேண்டும். வணிகவியல், பொருளியல் பயின்றோர்க்கு இளங்கலை போதாது. முதுகலை முடித்த பிறகே தமிழகத்தில் பி.எட். இடம் கிடைக்கும். நம் பிள்ளைகளில் பி.காம். படிப்பவர்கள் ஏராளம் என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-இல் கிடைத்த 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டையும் நினைவில் வைத்து, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். கட்டணம் அங்கே மிகக் குறைவு.

திருமணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைகுடாவிலிருந்து மாப்பிள்ளைக்கு விடுப்புக் கிடைக்கும் மாதத்தில் நிகாஹ் வைப்பதுதான் நம் வழக்கம். அது பெரும்பாலும் பயிற்சியின் நடுவே வந்து விழுகிறது. மெஹந்தியின் ஈரம் காயாத கையோடு பெண் எப்படிப் பள்ளிக்குப் போவாள் என்று அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சம்பந்தம் பேசும்போதே வாப்பாமார்கள், "எங்கள் பெண்ணுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை பள்ளிப் பயிற்சி" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடலாம். நகைக்கும் சீருக்கும் கணக்குப் பேசுகிற சபையில் இதைப் பேசக் கூச்சப்படுவானேன்?

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தை நம்பிவிடாதீர்கள். முன்னறிவிப்பின்றி, ஒரு வேலைநாளில், காலை பதினொரு மணியளவில் நேரில் சென்று பாருங்கள். வகுப்பறைகளில் மாணவியர் இருக்கிறார்களா? நூலகம் திறந்திருக்கிறதா? அங்கே படித்து முடித்த பெண் யாராவது உங்கள் மஹல்லாவில் இருந்தால், எந்தப் பள்ளியில் பயிற்சி எடுத்தாள், எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் நடத்தினாள் என்று உம்மாமார்கள் விசாரியுங்கள். தயங்காமல் விடை வந்தால் விண்ணப்பப் படிவத்தை வாங்கி வாருங்கள்.