கடிக்கிற பிள்ளையும் கையிலிருக்கும் மாத்திரையும்



பேச்சு வராத பத்து வயதுப் பிள்ளை, ஒற்றை அறை வீட்டில், நடு இரவில் தன் தலையைச் சுவரில் மோதுகிறான். தடுக்கச் சென்ற தாயின் கையைக் கடித்துவிடுகிறான். அடுத்த வீட்டார் சுவரைத் தட்டுகிறார்கள். மொழி தெரியாத ஊரில் அவர்களுக்கு என்னவென்று விளக்குவது? மும்பையிலும் டெல்லியிலும் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் இவ்விரவை அறிந்தவர்கள் உண்டு. ஆராதனைக்கு வரும்போது கடித்த தழும்பைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொள்ளும் தாய்மாரும் உண்டு. இதைப் பிசாசின் கிரியை என்று சொல்லி அவர்களுடைய பாரத்தை நாம் இரட்டிப்பாக்க வேண்டாம்.

ஆட்டிசமோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு வாய் சொல்லாததைக் கை சொல்கிறது. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, பெண்பிள்ளையானால் மாதவிடாய் வலி ஆகியவற்றை முதலில் பாருங்கள். சத்தமும் ஒரு காரணமே. நம் ஆராதனையின் ஒலிபெருக்கி சில பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத வேதனை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையோடு வாசலருகே அமருங்கள். சத்தம் மிகும்போது வெளியே அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்த நேரம், அதற்கு முன் நடந்தது, அவன் செய்தது, அதன்பின் நீங்கள் செய்தது ஆகியவற்றை இரண்டு வாரம் எழுதுங்கள். கடித்தவுடன் கைப்பேசியைக் கொடுத்து அடக்குகிறோம் என்பது அதில் தெரியவரலாம். அப்படியானால் கடித்தால் கைப்பேசி கிடைக்கும் என்று நாமே கற்பித்திருக்கிறோம். கேட்பதற்கு ஒரு சைகையையோ படத்தையோ பழக்குங்கள். திருப்பி அடிக்காதீர்கள்.

இவையெல்லாம் போதாதபோது மருத்துவர் மாத்திரை எழுதுவார். ரிஸ்பெரிடோன், அரிப்பிபிரசோல் ஆகியவை ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்துகளல்ல. எரிச்சலையும் தாக்குதலையும் தணிப்பவை. ஆட்டிசப் பிள்ளைகளின் எரிச்சலுக்கு அமெரிக்க மருந்துத் துறை முன்னதை 2006-லும் பின்னதை 2009-லும் அங்கீகரித்தது. பசியும் எடையும் கூடலாம்; ஆகவே தொடங்கும் நாளில் எடை பார்த்து, மாதந்தோறும் குறித்து வாருங்கள். இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். கழுத்து விறைத்தாலோ கண்கள் மேல்நோக்கிச் செருகினாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உபவாச ஜெபத்துக்குப் பின் பிள்ளை மூன்று நாள் அமைதியாயிருக்கக் கண்டு, பெற்றோர் மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடுவதுண்டு. வலிப்புக்கான வால்புரோயேட் போன்ற மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மற்ற மாத்திரைகளையும் மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஜெபியுங்கள், மாத்திரையையும் கொடுங்கள். நிறுத்தச் சொல்லும் பொறுப்பு போதகருடையதன்று. அடம் மிகுந்த நாளில் அரை மாத்திரை கூட்டிக் கொடுப்பதும் அதே தவறே. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். ஒரே மருந்து நாகர்கோவில் கடையில் வேறு வணிகப் பெயரில் இருக்கக்கூடும். ஆகையால் சீட்டில் மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் எழுதி வாங்கிச் செல்லுங்கள்.

செலவுக்கு, தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். ஊனச் சான்றிதழ் வேண்டும். மனம் சோர்ந்த பெற்றோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. முந்திய இரவு நடந்ததை அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தே சொல்லுங்கள்.