மலைக்கு ஒரு வானொலி. மாதம் பத்து ரூபாய்!

காற்றலை யாருக்குச் சொந்தம்? பொதுமக்களுக்கே என்று உச்சநீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. ஊர்ச் சங்கங்களும் சமூக வானொலி நடத்தலாம் என்று 2006ல் டில்லியும் வழிவிட்டது. ஆனால் தோழர்களே, புதூர்நாட்டு மலைவாழ் உழைப்பாளி, தரகன் சொன்னதே விலை, மேஸ்திரி சொன்னதே கூலி என்று இன்னும் எத்தனை நாள் இருப்பது?

2015 ஏப்ரல் 7ஐ மறந்துவிட்டோமா? சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டு 20 தமிழ்த் தொழிலாளர்கள் மாண்டனர். ஜவ்வாது மலை ஏழைகளும் அவர்களில் உண்டு. "எங்கே கூப்பிடுகிறான், எதற்குக் கூப்பிடுகிறான் என்று கேள்" என எச்சரிக்க, அவர்கள் குடிசையில், அவர்கள் பேச்சில் ஒரு குரல் ஒலித்திருக்க வேண்டாமா?

"பணம்?" என்கிறார் ஒரு நண்பர். மாதம் சிகரெட்டுக்கு என்ன செலவு என்று கேட்டோம், பேச்சை மாற்றிவிட்டார்! கருவி வாங்க மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது. மின்சாரத்துக்கும், ஒலிபரப்பும் பிள்ளைகளின் படிக்கும்தான் மாதாமாதம் திண்டாட்டம். ஆயிரம் பேர் பத்து ரூபாய் சந்தா தந்தால் பத்தாயிரம். முதலாளி விளம்பரத்தை மட்டும் நம்பினால், அவன் கூலிக் கணக்கைப் பேச நா எழுமா?

சொந்தச் செய்தி கூடாதாம், ஆல் இந்தியா ரேடியோ செய்திதானாம்! அதை எதிர்த்துப் போராடுவோம். சாமை விலை சொல்ல அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அரசியல் கட்சிக்கு உரிமம் கிடையாது. அது நல்லதே என்போம். மலைமக்கள் சங்கம் நடத்தட்டும். நம்மையும் அது கண்டிக்கட்டும். கிளைத் தோழர்கள் கொடியை வீட்டில் வைத்துவிட்டு, அந்தச் சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தோடு திருப்பத்தூர்ச் சந்தைக்குப் புறப்படுங்கள். முதல் ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும்.