'பார்டர்லைன்'தானே என்று பீரோவில் வைத்துவிடாதீர்கள்!

"பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல ஸார்... பார்டர்லைன்லதான் இருக்கு!"

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுக்கும்போது லேபில் இருக்கும் பையன் இப்படிச் சொல்லி அனுப்புவான். நமக்கும் 'அப்பாடா' என்று இருக்கும். வருகிற வழியிலேயே அந்தச் சந்தோஷத்தில் ஒரு காபி. வழக்கம்போல இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு! ரிப்போர்ட் நேராகப் பீரோவுக்குள் போய்விடும். வீட்டு வரி ரசீதுக்கும் இன்ஷூரன்ஸ் பத்திரத்துக்கும் நடுவில் அதற்கு ஓர் இடம்.

யாரையோ சொல்லவில்லை. என் ரிப்போர்ட்டே அப்படித்தான் இரண்டு வருடம் தூங்கியது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு 168. எங்கள் அப்பாவுக்கு ஷுகர். பெரியப்பாவுக்கும் ஷுகர். பெரியப்பாவுக்குச் செருப்புக் கடியில் ஆரம்பித்த சின்னப் புண் ஆறாமல், கடைசியில் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் அவர் கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நான். அந்த நான்தான் 168-ஐப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்! கேட்டால், "நமக்குத்தான் இன்னும் வரலையே..."

இந்த 'இன்னும் வரவில்லை' பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சரி. 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். 100-லிருந்து 125 வரை இருக்கிறதே, அதுதான் பார்டர்லைன். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140 முதல் 199 வரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை. டாக்டர்கள் இதை 'ப்ரீ டயாபடீஸ்' என்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளியானது. சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. பார்டர்லைனில் நிற்பவர்கள் அதைவிட அதிகம், 13 கோடிக்கும் மேல்! எத்தனை பீரோக்கள் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் வலி கிடையாது, மயக்கம் கிடையாது. ஆனால், உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. சாப்பிட்ட சர்க்கரையைத் தசைகள் இழுத்துக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தசைகள் அதில் சோம்பேறித்தனம் காட்டுகின்றன. ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. வருஷக்கணக்கில் ஓவர்டைம்! ஒரு நாள் அதுவும் களைத்துப் போகிறது. "போன மாசம்தான் எனக்கு ஷுகர் வந்துச்சு" என்று நாம் சொல்லும்போது, உண்மையில் அது வந்து பல வருடம் ஆகியிருக்கும்.

சரி, இந்த இடத்தில் பிடித்துக்கொண்டால் நிறுத்த முடியுமா? இதற்குப் பதில் வெளிநாட்டில் தேட வேண்டாம், நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் பார்டர்லைனில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். சராசரி வயது 46. அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இரண்டாவது பிரிவுக்கு நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும். மூன்றாவதற்கு மாத்திரை. நான்காவதற்கு இரண்டும்.

2006-ல் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? சும்மா விட்ட பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்றே ஆண்டில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கு. மாத்திரை சாப்பிட்டவர்களில் 40 பேருக்கு. இரண்டும் சேர்த்துச் செய்தவர்களிலும் ஏறக்குறைய அதே 39-தான். தினம் அரை மணி நேர நடையும் தட்டில் செய்த மாற்றமும் மாத்திரைக்குச் சமமாக நின்றிருக்கின்றன! எடை பெரிதாகக் குறையாதவர்களுக்கும் பலன் கிடைத்திருக்கிறது. (டாக்டர் உங்களுக்கு மாத்திரை எழுதியிருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு விஷயம்.)

"அப்படியும் 39 பேருக்கு வந்திருக்கே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் 'உன் ஆரோக்கியம் உன் கையில்' என்று உபதேசம் செய்பவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. எல்லாம் நம் கையில் இல்லை. அப்பா, அம்மா கொடுத்த உடம்பு நம் கையில் இல்லை. தினம் பதினான்கு மணி நேரம் ஆட்டோ ஓட்டுகிறவரிடமும், தையல் மெஷினில் உட்கார்ந்தே சம்பாதிக்கிறவரிடமும் "காலையில் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க" என்று சொல்வது சுலபம். நடக்க பிளாட்பாரம் எங்கே இருக்கிறது? இருக்கிற பிளாட்பாரத்தில் டூ வீலர் நிற்கிறது! ஒழுங்காக இருந்தும் ஷுகர் வந்தவரைப் பார்த்து "வாயைக் கட்டியிருக்கணும்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பொறுப்பு வேறு, குற்றம் வேறு.

ஆனால், அந்த 55-க்கும் 39-க்கும் நடுவே இருக்கிற பதினாறு பேரை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஆபரேஷன் நடக்கவில்லை, ஊசி போடவில்லை. அந்தப் பதினாறு பேரில் நாம் இருப்போமா, மாட்டோமா என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லோருமே நடக்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச வருடம் தள்ளிப்போனாலும் லாபம்தான். சீனாவில் டாச்சிங் என்ற ஊரில் 1986-ல் இதே மாதிரி ஆறு ஆண்டுகள் செய்து, முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோய் சராசரியாக நான்கு வருடம் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

இனி நம் தட்டுக்கு வருவோம். நடுவில் சோறு மலை, ஓரத்தில் ஊறுகாய் அளவுக்குப் பொரியல்! முதல் ரவுண்டு சாம்பார், அடுத்தது ரசம், கடைசியில் மோர். மூன்று தடவையும் சோறு விழுகிறது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் வேறு. சோற்றை விட்டுவிடச் சொல்லவில்லை, நம்மால் முடியாது. பாதித் தட்டைக் காய்கறிக்கும் கீரைக்கும் கொடுங்கள். கால் தட்டு சுண்டல், பருப்பு, முட்டை, மீன் என்று ஏதாவது. மிச்சக் கால் தட்டுதான் சோற்றுக்கு. "நான் சப்பாத்திக்கு மாறிட்டேனே" என்று ராத்திரி ஐந்து சப்பாத்தி சாப்பிடும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். கேழ்வரகு, கம்பு எல்லாம் நல்லதுதான். அவற்றிலும் மாவுச்சத்துதான் அதிகம், அளவு முக்கியம். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் என்று பெயரை மாற்றினால் கணையம் ஏமாறாது!

காபிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். வேளைக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு மூன்று வேளை. மாதம் முக்கால் கிலோ சர்க்கரை, காபியில் மட்டும்! ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் திரும்ப ஆரம்பித்துவிடுவீர்கள். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து வந்தேன், ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. நடையும் அப்படித்தான். முதல் நாளே பீச்சில் ஐந்து கிலோமீட்டர் என்று கிளம்பாதீர்கள். சாப்பிட்டதும் பத்து நிமிடம், மொட்டை மாடியில், தெருவில், முடிந்த இடத்தில். மூன்று வேளையும் செய்தால் அரை மணி ஆயிற்று. ஓர் இஞ்ச் டேப்பும் வாங்கி வையுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80-க்கும் கீழே இருக்க வேண்டும். பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள், அதைத் தொப்பைக்குக் கீழேதானே கட்டுகிறோம்!

ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "ஏங்க, வாக்கிங் போகலையா?", "ஏங்க, மாத்திரை போட்டீங்களா?" இப்படி வீட்டுக்காரம்மா கேட்டால்தான் நம் உடம்பு நமக்கு ஞாபகம் வருகிறது. நம் ஆரோக்கியத்தின் பொறுப்பை அப்படியே அவரிடம் ஒப்படைத்துவிட்டு, "இவ எனக்கு ஸ்வீட்டே தர்றதில்ல" என்று விருந்தாளியிடம் புகார் வேறு! அவருடைய ஷுகர் அளவு என்ன என்று நமக்குத் தெரியுமா? மேலே சொன்ன சென்னை ஆய்விலேயே 531 பேரில் பெண்கள் 110 பேர்தான்.

கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை கூடுதலாக இருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு மிகவும் அதிகம். பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் ஒரு தடவை, பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். "குழந்தை பிறந்ததும் சரியாப் போச்சு" என்று விட்டுவிடுகிறோம். காசு இல்லையென்று தள்ளிப்போட வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். மெடிக்ளெய்ம் இருக்கிறதே என்றும் தள்ளிப்போட வேண்டாம். அது ஆஸ்பத்திரி பில்லைத்தான் கட்டும், உங்களுக்காக நடக்காது.

என் 168 இப்போது 142. இன்னும் பார்டர்லைன்தான். போன மாதம் என் ரிப்போர்ட்டை வாங்கப் போனபோது மனைவியையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவள் ரத்தம் கொடுத்ததே இல்லை, பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது. வெறும் வயிற்றில் 112. "பார்டர்லைன்தானாம்" என்று சிரித்துக்கொண்டே கவரை மடித்துப் பீரோவைத் திறக்கப் போனாள். வாங்கி, சமையலறைக் காலண்டர் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டேன். ராத்திரி சாப்பிட்டதும் இப்போது இரண்டு பேருமாகத் தெருமுனை வரை போய்த் திரும்புகிறோம். பாத்திரம் தேய்க்கிற வேலை மிச்சமிருக்கிறதே என்று முதல் வாரம் வர மறுத்தாள். அதனால், கிளம்புவதற்கு முன்னால் அதை நான் தேய்த்துவிடுகிறேன்.