மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் சீதோஷ்ண மாறுதலும்

ஆலந்தலையை அடுத்த தாமிரபரணிக் கடைமடைக் குடியானவர்கள் பிசான சாகுபடிக்கு எந்த மழையை எதிர்நோக்கியிருக்கின்றனரோ, அதே வடகிழக்குப் பருவ மழையைத்தான் வளைகுடாவின் அக்கரையில் மன்னார், புத்தளம் பகுதிக் குடியானவர்களும் பெரும்போகத்துக்கு எதிர்நோக்கியிருக்கின்றனர். 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் கடல் நீரில் எல்லை வகுத்தன. மழைக்கு எல்லை வகுத்தார் ஒருவருமில்லை. ஆகவே, சீதோஷ்ண நிலை மாறிவருவது பற்றி அண்டை நாடுகள் கலந்து செய்யவேண்டிய காரியங்கள் டெல்லிக்கும் கொழும்புக்கும் மட்டுமே உரியவை என்று நம் மிராசுதார்கள் எண்ணியிருப்பது சரியன்று.

இரு நாடுகளும் கூடி நன்றாகச் செய்துவரும் காரியம் ஒன்று உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்ததே. அதன் பின்னர் 1972இல் வங்காள விரிகுடா, அரபிக் கடல் நாடுகளுக்கெனப் புயல் குழு ஒன்று சர்வதேச வானிலை ஸ்தாபனத்தின் ஆதரவில் அமைக்கப்பட்டது. இந்தியா, இலங்கை இரண்டும் அதில் அங்கம் வகிக்கின்றன. டெல்லியிலுள்ள வானிலை நிலையம் அங்கத்தினர் யாவருக்கும் புயலின் போக்கை அறிவிக்கின்றது. 2004 முதல் இந்நாடுகள் கொடுத்த பெயர்களே புயல்களுக்கு இடப்படுகின்றன. இவ்வேற்பாடு தலைவர்களின் நட்பு பகைகளைப் பாராமல் நடந்துவருவதற்குக் காரணம், அது சிறு உத்தியோகஸ்தர்களின் அன்றாட வேலையாக இருப்பதேயாம்.

சார்க் கூட்டமைப்பின் கதை வேறு. 2010 ஏப்ரலில் பூட்டானின் திம்பு நகரில் கூடிய அதன் மாநாடு சீதோஷ்ண மாறுதல் பற்றி விரிவான பிரகடனம் ஒன்றை வெளியிட்டு, ஐந்தாண்டில் ஒரு கோடி மரம் நடுவதாகவும் கூறிற்று. 2014இல் காட்மாண்டுவில் கூடிய பிறகு அம்மாநாடு கூடவேயில்லை. பிரகடனத்தை நம்பி எவரும் கிணறு வெட்டியதில்லை.

புயல் ஏற்பாடும் போதுமானதன்று. 2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஆலந்தலைக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. குளங்கள் உடைந்தன, வாழையும் நெல்லும் நீரில் மூழ்கின. அது பெயரிட்ட புயலன்று. குமரிக் கடல் மேல் நின்ற காற்றுச் சுழற்சியே. பெயரில்லாத மழைக்குப் பெயருள்ள புயலுக்குரிய பரபரப்பு எழுவதில்லை. கிழக்கிலிருந்து வரும் இத்தகைய சுழற்சிகள் பெரும்பாலும் முதலில் இலங்கையையே தொடுகின்றன. ஆதலின் அத்தீவின் மழைமானிகள் காட்டும் அளவு, புயல் காலத்தில் மட்டுமன்றி ஐப்பசி முதல் மார்கழி வரை நாள்தோறும் நம் ஜில்லா அதிகாரிகளுக்குக் கிடைத்தல் வேண்டும். 2010 முதல் தெற்காசிய வானிலை நிபுணர்கள் கூடிப் பருவ முன்னறிவிப்பு வெளியிடுகின்றனர். எனினும் அது விரிந்த பிரதேசங்களுக்கு உரியது. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழ் நாற்று விடுபவருக்கு அது நாள் குறித்துத் தராது.

இனி மழையினும் மெதுவாக வரும் கேட்டைக் கவனிப்போம். கடலோர மணற்பாங்கில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருப்பின், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். இறைப்பதனால் மேல்மட்டம் 1 அடி தாழின், அடியிலுள்ள உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி வரை ஏறிவிடும். கடல் மட்டம் உயர்வதும் இதே தீங்கைச் செய்கின்றது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21இல் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டன. பவளப்பாறைகளை வெட்டியெடுத்த பேராசைக்கும் அதில் பங்குண்டு என்பதை மறைத்தல் தகாது. அக்கரையில் கற்பிட்டித் தீபகற்பத்தின் காய்கறித் தோட்டங்களும் மணலடி நன்னீரை இறைத்தே பயிராகின்றன. ஒரே நோயுற்ற இரு வீட்டார் ஒருவரையொருவர் விசாரியாதிருப்பது விந்தையே.

விதை விஷயமும் இங்ஙனமே. திருச்சியில் தேர்ந்த டி.ஆர்.ஒய். நெல் ரகங்கள் களர் நிலத்துக்கு ஏற்றவை. கடலோரத்தின் குறையோ உவர். களருக்குச் செய்யும் ஜிப்சம் வைத்தியம் உவருக்குச் செல்லாது என்பதை அனுபவஸ்தர் அறிவர். இலங்கையின் அம்பலாந்தோட்டையில் தேர்ந்த ஏ.டி. 354 என்னும் நெல், நம் கேரளத்துப் பொக்காளியைக் கலந்து உண்டாக்கப்பட்டது, உப்பைத் தாங்குவது. உணவுப் பயிர்களின் மரபு வளத்தைப் பகிர்ந்துகொள்ளும் சர்வதேச உடன்படிக்கையில் இரு நாடுகளும் சேர்ந்துள்ளன. ஆகவே தடுப்புச் சோதனை முடித்து, அதனைக் கடைமடையில் சில சென்ட் நிலத்தில் பரீட்சித்துப் பார்க்கப் புது உடன்படிக்கை எதுவும் தேவையில்லை. கேட்போர் இருந்தாற் போதும்.

மீனவரைச் சிறைப்பிடிக்கும் நாட்டுடன் கூட்டுறவு எதற்கு என்று சிலர் வினவுவர். அவ்வருத்தம் நியாயமானதே, கடலோரக் குடும்பங்களின் துயரம் சிறிதன்று. ஆயினும் அடிமடி இழுவலையால் தங்கள் கடல் பாழாகின்றது என்று வடஇலங்கை மீனவர் கூறுவதிலும் நியாயம் உண்டு. அவ்வழக்கு தீரும் வரை கிணற்று உப்பு காத்திராது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் இலங்கையில் 600 பேருக்கு மேல் மாண்டபோது, இந்தியா கப்பலிலும் விமானத்திலும் உதவி அனுப்பியது. அழிவுக்குப் பின் அரிசி கொடுக்கும் நாடுகள் அழிவுக்கு முன் கணக்கைக் கொடுத்துக்கொள்ளலாகாதா?

கொடுப்பதற்கு முதலில் நம்மிடம் கணக்கு வேண்டும். திருச்செந்தூர்த் தாலுகாவின் கடலோரக் கிராம உத்தியோகஸ்தர்கள், கிராமத்துக்கு ஐந்து கிணறுகளைக் குறித்துக்கொண்டு, சித்திரையில் ஒரு முறையும் தை மாதத்தில் ஒரு முறையும் நீர்மட்டத்தை அளந்து எழுதுவாராக. அதே நாளில் சுத்தமான போத்தலில் நீர் எடுத்து, கிணற்றின் சர்வே எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும். மூன்று ஆண்டுக் கணக்கு சேர்ந்தால், புத்தளத்து விவசாய அதிகாரிகளுக்குக் காட்ட ஒரு பதிவேடு நம் கையில் இருக்கும்.