பல்கலைக்கழக இணையதளத்துக்குப் பொறுப்பு யார்?

தோழர்களே, உங்கள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் திறந்து ஐந்து விவரங்களைத் தேடிப் பாருங்கள். சாதிப் பாகுபாடு குறித்த புகாரை யாரிடம் கொடுக்க வேண்டும், அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் என்ன? கடந்த ஆண்டு அப்படி எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை முடிக்கப்பட்டன? ஆசிரியர் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடங்கள் எத்தனை, அவற்றில் நிரப்பப்படாமல் கிடப்பவை எத்தனை? எந்த நெறியாளரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் காலியாக இருக்கிறது? இந்தப் பக்கங்களைக் கடைசியாகப் புதுப்பித்தவர் யார், எந்தத் தேதியில்?

துணைவேந்தரின் படம் முதல் பக்கத்திலேயே கிடைக்கும். பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுநர் வந்த படம் கிடைக்கும். நாக் குழு வந்தபோது போட்ட கோலம்கூடக் கிடைக்கும். மேலே கேட்ட ஐந்தில் இரண்டு கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. நான் அப்படிக் கடக்கத் தயாராக இல்லை. எதைப் பதிவேற்றுவது, எதைக் கிடப்பில் போடுவது என்பது நிர்வாகம் அன்றாடம் எடுக்கும் முடிவு. அந்த முடிவில் சாதி இருக்கிறது.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அதன் 4(1)(ஆ) பிரிவு 17 வகைத் தகவல்களைப் பட்டியலிட்டு, யாரும் கேட்காமலேயே பொது நிறுவனங்கள் அவற்றை வெளியிட வேண்டும் என்கிறது. அதற்குக் கொடுத்த கெடு 120 நாள். அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வட்டார மொழியையும் கணக்கில் கொண்டு தகவலைப் பரப்ப வேண்டும் என்று 4(4) சொல்கிறது. இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. பொதுத் தகவல் அலுவலர் என்று ஓய்வுபெற்றவரின் பெயரைப் போட்டு வைத்திருக்கும் பக்கங்கள் இன்றும் இருக்கின்றன.

பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கான ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்பு மையம் அமைக்க வேண்டும், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரை நியமிக்க வேண்டும் என்றது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் சாதிப் பாகுபாட்டைப் புகார் செய்ய இணையதளத்தில் தனிப் பக்கம் உருவாக்குங்கள், பதிவாளர் அலுவலகத்தில் புகார்ப் பதிவேடு வையுங்கள் என்று அதே மானியக் குழு துணைவேந்தர்களுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியிருக்கிறது. ஒரே கடிதத்தை ஏன் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது?

முனைவர் பட்டத்துக்கான 2022 ஒழுங்குமுறைகளின்படி, எத்தனை இடங்கள், பாடவாரியாக எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளன, தேர்வு முறை என்ன என்பதை முன்கூட்டியே இணையதளத்தில் அறிவிக்க வேண்டும். மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள் 2023-இல் வந்தன. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும் என்றன. 2024 ஜூனில் அவரை நியமிக்காத 157 பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிட வேண்டி வந்தது. ஆளையே போடாதவர்கள் பக்கத்தையா புதுப்பிப்பார்கள்?

தாய்மார்கள் கேட்ட கணக்கு

ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17-இல் நம்மை விட்டுப் போனார். அவருக்கு வர வேண்டிய ஏழு மாத ஆய்வு உதவித்தொகை அன்று நிலுவையில் இருந்தது. நேர்காணலுக்கு முழு மதிப்பெண்ணையும் ஒதுக்கிய சேர்க்கை விதியை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்த சேலத்து முத்துகிருஷ்ணன், 2017 மார்ச்சில் டெல்லியிலிருந்து உடலாகத் திரும்பி வந்தார். பாயல் தட்வி 2019 மே மாதம் மும்பையில் இறந்தார்.

ரோஹித்தின் தாய் ராதிகாவும் பாயலின் தாய் ஆபிதாவும் 2019-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஜனவரியில் நீதிமன்றம் மானியக் குழுவிடம் கணக்குக் கேட்டது. எத்தனை நிறுவனங்களில் சமவாய்ப்பு மையம் இருக்கிறது, எத்தனை புகார்கள் வந்தன, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?

எந்த மாணவரும் கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய எண்கள் இவை. பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் இவற்றைக் கேட்க வேண்டியிருந்தது. "வெப்சைட் அப்டேட் ஆகவில்லை" என்று அலுவலகத்தில் சொல்லும் சாதாரண வாக்கியத்தின் எடை இதுதான்.

வேலை ஒருவருக்கு, அதிகாரம் வேறொருவருக்கு

நான் ஆய்வு செய்யும் துறையின் பக்கத்தை இரண்டு ஆண்டுகள் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஊதியம் கிடையாது. எழுத்துப்பூர்வ ஆணை கிடையாது. பாஸ்வேர்டு மட்டும் வாய்மொழியாக வந்தது. கருத்தரங்கில் பொன்னாடை போர்த்திய படம் அன்று மாலைக்குள் ஏற வேண்டும், தாமதமானால் போன் வரும். இனவாரியான காலியிட விவரத்தைப் போடலாமா என்று கேட்டால், "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். அந்த "மேலே" எந்த அறை என்று இரண்டு ஆண்டுகளிலும் எனக்குத் தெரியவரவில்லை.

இது என் துறையின் கதை மட்டும் இல்லை. வேறு வேறு ஊர்களில் படிக்கும் நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். இந்த வேலை ஒப்பந்த ஊழியர், கௌரவ விரிவுரையாளர், ஆய்வாளர் என்று கீழே கீழே தள்ளப்படுகிறது. முடிவெடுக்கும் இடம் மட்டும் மேலேயே இருக்கிறது. தவறான தேதி ஏறிவிட்டால் ஒப்பந்த ஊழியருக்கு மெமோ. ஏற வேண்டியது ஏறாவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை. உழைப்பைக் கீழே வைத்து உரிமையை மேலே வைக்கும் இந்த ஏற்பாட்டை எங்கிருந்து கற்றார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சின்னஞ்சிறு பத்திரிகைகூட ஆசிரியர் பெயரை அச்சிட்டே வெளிவர வேண்டும். தப்பு நடந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் காரணம். ஒன்றிய அரசின் இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இலிருந்து இருக்கின்றன, 2023-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. உள்ளடக்கத்தைத் தருபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என்று பொறுப்பை அந்த நெறிகள் பிரித்துக் கொடுக்கின்றன. தளம் முழுமைக்கும் பொறுப்பான ஒரு தகவல் மேலாளரின் பெயரும் தொடர்பும் வெளியே தெரிய வேண்டும் என்கின்றன. பழையதை என்ன செய்வது என்பதற்கு ஆவணக் கொள்கை கேட்கின்றன. மக்கள் வரியில் நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு இதைவிடக் குறைந்த அளவுகோல் எதற்கு?

"எல்லோருக்கும்தானே தெரியவில்லை?"

இந்த எதிர்வாதம் உடனே வரும். தளம் மோசமாக இருந்தால் எல்லா மாணவருக்கும்தான் பாதிப்பு, இதில் சாதி எங்கே வந்தது என்பார்கள்.

அறிவிப்பு ஏறாவிட்டாலும் செய்தி போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. பேராசிரியர் சித்தப்பாவாக இருப்பவருக்கு, பதிவாளர் அலுவலகத்தில் சொந்த ஊர்க்காரர் இருப்பவருக்கு, ஒரே சாதிச் சங்கத்துத் திருமணத்தில் நெறியாளரைச் சந்திப்பவருக்கு இணையதளம் தேவையே இல்லை. எந்த நெறியாளரிடம் இடம் காலியாகப் போகிறது என்று அவருக்கு ஆறு மாதம் முன்பே தெரியும். விழுப்புரம் பக்கத்துச் சேரியிலிருந்து குடும்பத்தில் முதல் ஆளாக முதுகலை முடித்து வரும் பெண்ணுக்கு அந்தச் சித்தப்பா இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே சொந்தம் அந்த இணையதளம்தான். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு அறிவிப்பு ஏறினால், சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் நிற்பதற்குள் தேதி முடிந்துவிடும். பிறகு "தகுதியான விண்ணப்பதாரர் இல்லை" என்று ஒரு வரி எழுதி இடத்தைக் காலியாக வைப்பார்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் விதிமுறையும், ஸ்கேன் செய்து ஏற்றிய கோணலான பி.டி.எஃப். கோப்பும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அந்தக் கோப்பைப் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் மென்பொருளால் படிக்கவே முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது. அணுகல்தன்மையின் அடிப்படைத் தரங்கள் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

வெளியிட வேண்டியதும் மறைக்க வேண்டியதும்

வெளிப்படைத்தன்மை என்றால் எல்லாவற்றையும் கொட்டுவது என்று பொருள் இல்லை. உதவித்தொகைப் பட்டியல் என்று மாணவரின் பெயர், சாதி, கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் ஏற்றிவிடுகிறார்கள். பத்து ஆண்டுகள் கழித்தும் கூகுளில் பெயரைத் தேடினால் அந்தச் சாதிப் பட்டியல் வருகிறது. வேலைக்கு எடுப்பவரும் வீடு வாடகைக்குக் கொடுப்பவரும் அதைப் பார்க்கிறார்கள். மாணவரின் சாதியை ஊருக்கெல்லாம் காட்டுகிறவர்கள், நிரப்பாத பணியிடங்களின் கணக்கை மட்டும் பூட்டி வைக்கிறார்கள்.

சேர்க்கையில் இனவாரியான கட்-ஆஃப் மதிப்பெண் வெளியாகத்தான் வேண்டும். விண்ணப்ப எண்ணோடு வெளியிட்டால் போதும், பெயரும் கைப்பேசி எண்ணும் தேவையில்லை. நிறுவனத்தின் கணக்கு திறந்திருக்க வேண்டும், தனி மனிதரின் விவரம் காக்கப்பட வேண்டும். இந்த வேறுபாடு தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கோப்பையும் பார்த்து ஒப்புதல் தருவதுதான் பொறுப்பாசிரியரின் வேலை. மென்பொருள் வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது.

1921-இல் கேட்ட அதே கேள்வி

கணக்கை வெளியே கொண்டுவருவது நம் இயக்கத்துக்குப் புதிது அல்ல. 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பதிவுபெற்ற பட்டதாரிகள் 650 பேரில் 452 பேர் பார்ப்பனர்கள். பார்ப்பனரல்லாதார் இயக்கம் மேடைக்கு மேடை கொண்டுபோன கணக்குகளில் இதுவும் ஒன்று. நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் பிறப்பித்த முதல் வகுப்புவாரி அரசாணை, யார் யாருக்கு வேலை கொடுத்தீர்கள் என்ற பட்டியலை வகுப்புவாரியாகப் பிரித்து அரையாண்டுக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லித் துறைத் தலைவர்களைக் கேட்டது. இடஒதுக்கீடு முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கு முன்பே கணக்குக் கேட்கும் வேலை தொடங்கிவிட்டது. எண்ணிக்கை தெரியாமல் பங்கு கேட்க முடியாது என்பது அன்றைக்கே புரிந்திருந்தது.

இன்று தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு சட்டமாக இருக்கிறது, 200 புள்ளி இனச்சுழற்சி முறை இருக்கிறது. அந்தச் சுழற்சிப் பதிவேட்டை எத்தனை பல்கலைக்கழகங்கள் பொதுவில் வைத்திருக்கின்றன?

என்ன கேட்கிறோம்

நிதி இல்லை என்பார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களின் பண நெருக்கடி உண்மைதான், அதற்கும் நாம்தான் போராட வேண்டும். ஆனால் கீழே உள்ளவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொறுப்பான அலுவலரின் பெயர், பதவி, புதுப்பித்த தேதி இருக்க வேண்டும். தளத்துக்கு ஓர் ஆசிரியர் குழு வேண்டும், அதில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதிகளும் பெண்களும் ஆய்வு மாணவர்களும் இடம்பெற வேண்டும். பதிவேற்றும் ஊழியருக்கு எழுத்துப்பூர்வ ஆணையும் ஊதியமும் வேண்டும். இனச்சுழற்சிப் பதிவேடு, நெறியாளர்வாரியான காலியிடம், பாகுபாட்டுப் புகார்களின் எண்ணிக்கையும் முடிவும், உதவித்தொகைக் கோப்பு எந்த மாதம் வரை அனுப்பப்பட்டது என்ற விவரம், ஆட்சிக்குழுத் தீர்மானங்கள் ஆகிய ஐந்தும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். பழைய அறிவிப்பை அழிக்கக் கூடாது, ஆவணப் பகுதிக்கு மாற்ற வேண்டும். அழித்த அறிவிப்பை வைத்து யாரும் வழக்குப் போட முடியாது என்பது அழிப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இவை தானாக நடக்காது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு எழுதுங்கள். 4(1)(ஆ) பிரிவின்கீழ் வெளியிட வேண்டியவற்றில் எவற்றை, எந்தத் தேதியில் வெளியிட்டீர்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் தகவல் ஆணையம். மனு போடும் நாளில் அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மனு கிடைத்ததும் சில பக்கங்கள் திடீரென்று மாறும். தனியாகப் போட்டால் உங்கள் வைவாவை நினைத்துப் பயம் வரும், அந்தப் பயம் நியாயமானது. ஆகவே அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் பெயரிலோ ஆய்வாளர் சங்கத்தின் பெயரிலோ இதைத் திட்டமிடுங்கள். விண்ணப்பத்தில் தனிநபர் பெயர் வேண்டும் என்பதால், படிப்பு முடித்து வெளியே வந்துவிட்ட அண்ணனோ அக்காவோ கையெழுத்துப் போடட்டும். சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள் இந்த மாதமே தொடங்குங்கள்.