உப்புத்தாளில் பறக்கும் ஈயம்

பொங்கல் நெருங்கினால் புதுச்சேரியின் வில்லியனூரிலும் பாகூரிலும் பழைய கதவு, சன்னல்களை உப்புத்தாளால் தேய்க்கும் வேலை தொடங்கிவிடும். முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் தேய்க்கிறார் பெயின்டர். திண்ணையில் படியும் தூளில் கைவைத்து விளையாடுகின்றன பிள்ளைகள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதெல்லாம் இன்னும் கதவிலேயே இருக்கிறது. குழந்தையின் மூளையைக் கெடுக்கும் ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவில் 1978-க்கு முந்தைய வீடுகளில் பழைய பெயின்டைத் தேய்க்கும் வேலையைக் கூலிக்குச் செய்ய 2010 முதல் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். நம் பெயின்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சியாவது வேண்டாமா? ஈரப்படுத்தித் தேய்ப்பதும் தரையில் தார்ப்பாய் விரிப்பதும் பெரிய வித்தையில்லை. கட்டடத் தொழிலாளர் நல வாரியம் வரும் பொங்கலுக்கு முன்பே இந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.