பார்மட் போடுவதற்கு முன்னால்



கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு மறந்துபோனதைச் சொல்லும்போது பலரும், முக்கியமாக வயதில் மூத்தவர்கள், ஏதோ தப்பு செய்துவிட்டதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கேட்கவே சங்கடமாக இருக்கிறது. மறதி எல்லோருக்கும் வருவதுதான். அடுத்து நடப்பதுதான் என் கவலை. மடிக்கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். “பார்மட் போட்டாத்தான் சார் சரியாகும்” என்கிறார் கடைக்காரர். சரி என்று தலையாட்டுகிறோம். பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், இரண்டு வருடக் கடைக்கணக்கு எல்லாம் போய், இயந்திரம் மட்டும் புதுசாகத் திரும்பி வருகிறது. பெரும்பாலும் அதற்குத் தேவையே இருந்திருக்காது.

பாஸ்வேர்டு உண்மையிலேயே மறந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். நுழைவுத் திரையில் விசைப்பலகை தமிழில் நின்றுவிட்டால், சரியான பாஸ்வேர்டை அடித்தாலும் தவறு என்றே வரும். திரையின் கீழ் வலது மூலையில் மொழியைக் காட்டும் எழுத்துகளைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கேப்ஸ் லாக்கையும் பாருங்கள். அடிக்கும் கட்டத்துக்குள் இருக்கும் கண் படத்தை அழுத்தினால், என்ன அடித்தீர்கள் என்று தெரியும். மறந்தது நான்கு இலக்கப் பின் எண்தான் என்றால், அதே திரையில் பாஸ்வேர்டு போட்டு நுழையும் வழியும் பெரும்பாலும் இருக்கும்.

அப்படியும் திறக்கவில்லையா? மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்கள், கைபேசியிலிருந்தே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். மாற்றிய பிறகு கம்ப்யூட்டருக்கு இணையம் வேண்டும். நுழைவுத் திரையிலேயே வைஃபை குறி இருக்கிறது, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை அதில் இணைத்தால் போதும். இணையக் கணக்கு இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் பாஸ்வேர்டு வைத்தவர்களுக்கு, 2018 முதல் விண்டோஸ் 10-இல் மூன்று பாதுகாப்புக் கேள்விகள் உண்டு. ஒருமுறை தவறாக அடித்ததும் ‘ரீசெட் பாஸ்வேர்டு’ என்ற வரி தோன்றும். உபுண்டு போன்ற லினக்ஸில் ரெக்கவரி மோடுக்குப் போய் மாற்றலாம். ஆப்பிள் மேக்கிலும் சில தடவை தவறினால் மாற்றும் வழி முன்னே வரும்.

எல்லா வழியிலும் புதிய பாஸ்வேர்டுதான் வைக்கச் சொல்கிறார்களே தவிர, பழையதை யாரும் எடுத்துத் தருவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-களின் தொடக்கத்தில், பலர் பகிர்ந்துகொண்ட ஒரு கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டுகளை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல் தவித்த ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962-இல் அந்தக் கோப்பையே அச்சிட்டு எடுத்துவிட்டார். பின்னாளில் வந்த யூனிக்ஸில் பாஸ்வேர்டை ஒரு கணக்கீட்டுக்குள் விட்டு, வெளியே வரும் விடையை மட்டும் சேமித்தார்கள். மாவை மறுபடி அரிசியாக்க முடியாததுபோல, அந்த விடையிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்ப முடியாது. நம் கம்ப்யூட்டருக்கும் நம் பாஸ்வேர்டு தெரியாது. ஆகவே பழைய பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துத் தருவதாகப் பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

பாஸ்வேர்டை மாற்றவே முடியாவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது கோப்புகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க். தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள், வாங்கிய பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அந்தக் காலத்து இயந்திரங்களில் பெரும்பாலும் பாஸ்வேர்டு வாசலைத்தான் பூட்டும், உள்ளே இருக்கும் கோப்புகளைப் பூட்டாது. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால், படங்களையும் ஆவணங்களையும் பிரதி எடுத்துவிடலாம். கடைக்காரரிடம் “முதல்ல டேட்டாவை எடுத்துக் கொடுங்க, பார்மட்டை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தயங்காமல் சொல்லுங்கள். நம் பொருள், நாம்தான் கேட்க வேண்டும்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நிலைமை வேறு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் முழுவதும் தானாகக் குறியாக்கம் ஆகிவிடுகிறது. திருடன் கையில் சிக்கினாலும் படிக்க முடியாது என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பூட்டைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட பிட்லாக்கர் மீட்புச் சாவி ஒன்று இருக்கிறது. தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இயந்திரம் அதைக் கேட்கும் நாளில் சாவி கிடைக்காவிட்டால், மைக்ரோசாஃப்டே வந்தாலும் திறந்து தர முடியாது. உங்கள் கணக்கின் இணையப் பக்கத்தில் உங்கள் கருவிகளின் பட்டியலில் அது பெரும்பாலும் இருக்கும். இன்றே பார்த்து, தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

கணக்கில் நீங்கள் கொடுத்திருக்கும் கைபேசி எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மீட்புக் குறியீடு அந்த எண்ணுக்கு வரலாம். ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்ட எண் வேறு யாருக்காவது போயிருக்கலாம். வீட்டில் ஒருவர் மறைந்துவிட்டால், அவருடைய சிம்மை உடனே கைவிட்டுவிடாதீர்கள். வாரிசு பெயருக்கு எண்ணை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அப்பா எடுத்துச் சேர்த்த படங்களெல்லாம் அவருடைய மடிக்கணினியில் இருக்க, அதைத் திறக்கும் குறியீடு அந்த எண்ணுக்கே வர வேண்டியிருக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்